நோய் வளரவில்லை, எனக்குத்தான் வயதாகிறது

பெருமூளை வாதம் என்று சொன்னதும் எல்லோர் மனதிலும் வருவது ஒரு குழந்தைதான். சுவரொட்டியில் குழந்தை, மருத்துவ முகாமில் குழந்தை, நன்கொடை கேட்டு வரும் காலண்டரிலும் குழந்தை. அந்தக் குழந்தைக்கு ஒரு நாள் ஐம்பது வயதாகும், அறுபதாகும், எழுபதாகும் என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. எழுபதைத் தாண்டிய அப்படி ஒரு குழந்தைதான் ஏற்காட்டில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறது.

புதுச்சேரிப் பள்ளிக்கூடம் பற்றியும் ஆபீஸ் கதைகள் பற்றியும் இந்தப் பக்கத்தில் நிறைய எழுதிவிட்டேன். என் கால்களைப் பற்றி அதிகம் எழுதியதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கு அது எதற்கு என்று விட்டுவிட்டேன். இன்று எழுதுவதற்குக் காரணம் அனுதாபம் தேடுவது அல்ல. என்னைப் போன்றவர்களின் முதுமை பற்றி ஒரு கருத்து மனதில் உறுதிப்பட்டுவிட்டது. அதை இந்த வயதில் சொல்லாமல் வேறு எப்போது சொல்வது?

நான் பிறந்தது 1952-இல், புதுச்சேரியில். பிரெஞ்சுக்காரர்கள் அப்போது இன்னும் அங்கே இருந்தார்கள். எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டேன். பிறந்ததும் அழவில்லை என்று அம்மா சொல்வார். இரண்டு வயதாகியும் நடக்காததால் அப்பா டாக்டரிடம் தூக்கிப் போனார். டாக்டர் பார்த்துவிட்டு, "மலாதி த லிட்டில்" என்றாராம். லிட்டில் கண்ட நோய் என்று அதற்கு அர்த்தம். கடலூரில் இங்கிலீஷ் படித்த என் மாமா இதைக் கேட்டுவிட்டு, "லிட்டில்னா சின்னதுன்னு அர்த்தம் அத்தான், சின்ன வியாதிதான், கவலைப்படாதீங்க" என்று அப்பாவைத் தேற்றினார். அந்தச் சின்ன வியாதியோடுதான் எழுபது வருடங்களைத் தாண்டியிருக்கிறேன்.

வில்லியம் ஜான் லிட்டில் லண்டன் டாக்டர். அவருக்கே சிறு வயதிலிருந்து ஒரு பாதம் வளைந்திருந்தது. குறைமாதப் பிரசவத்துக்கும் சிக்கலான பிரசவத்துக்கும், பின்னால் குழந்தையின் கைகால் இறுகிப்போவதற்கும் தொடர்பு உண்டு என்று 1861-இல் அவர் எடுத்துச் சொன்னார். மனநோய் ஆராய்ச்சியால் பின்னால் பெயர் பெற்ற சிக்மண்ட் ஃப்ராய்டும் 1897-இல் இதைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். சிக்கலான பிரசவமே கருவில் முன்பே ஏற்பட்ட ஒரு கோளாறின் விளைவாக இருக்கலாம் என்பது அவர் வாதம். 1950-களில் பாரிஸ் டாக்டர் கி தார்தியூ இதற்குப் புதுப் பெயர் வைத்தார். மூளையால் வரும் அசைவுக் குறைபாடு என்று அதைத் தமிழில் சொல்லலாம். நான் பள்ளியில் ப்ரெவே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது என் சர்ட்டிபிகேட்டில் அந்தப் பெயர் ஏறியிருந்தது. ஆபீஸில் சேர்ந்தபோது 'கால் ஊனம்' என்று எழுதினார்கள். இப்போதைய அட்டையில் 'பெருமூளை வாதம்'. பெயர் இத்தனை முறை மாறியது, கால் மட்டும் மாறவில்லை.

அந்தக் கடைசி வார்த்தைகளில்தான் விஷயம் இருக்கிறது. பிரசவத்துக்கு முன்போ, பிரசவத்தின்போதோ, பிறந்த புதிதிலோ மூளையில் ஏற்படும் ஒரு காயம்தான் பெருமூளை வாதம். குறைமாதம், மூச்சுத் திணறல், கடுமையான மஞ்சள் காமாலை, கர்ப்பத்தில் அம்மாவுக்கு வரும் சில தொற்றுகள் என்று காரணங்கள் பல. ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் அதில் இரண்டு மூன்று குழந்தைகளுக்கு இது இருக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நம் ஊரில் இதையும் இளம்பிள்ளை வாதத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வார்கள். இளம்பிள்ளை வாதம் என்பது போலியோ. அது கிருமியால் வருவது, சொட்டு மருந்தால் தடுக்கக்கூடியது. இது வேறு.

மூளையில் ஏற்பட்ட அந்தக் காயம் வளராது, பரவாது. எல்லா டாக்டர் புத்தகமும் முதல் பக்கத்திலேயே சொல்லும் இலக்கணம் அது. என் தொழில் பாஷையில் சொன்னால், அந்த ஃபைல் பிறந்தபோதே முடிந்துபோனது.

அப்படியானால் ஐம்பது வயதில் ஒருவருக்குக் கை புதிதாக மரத்துப்போனால், நேற்றுவரை நடந்தவர் இன்று நடக்க முடியாமல் போனால், சாப்பாடு புதிதாகத் தொண்டையில் சிக்கினால், அதற்கு அந்தப் பழைய காயம் மட்டும் எப்படிக் காரணமாக இருக்க முடியும்? வளராத நோய் திடீரென்று ஒரு நாள் எப்படி வளரும்? புது மனு வந்தால் புது நம்பர் போட்டுப் புது ஃபைல் திறக்க வேண்டும். முடிந்த ஃபைலில் வைத்துக் கட்டி அலமாரிக்குள் தள்ளக் கூடாது. முப்பத்துச் சொச்ச வருடம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இது தெரிகிறது. வைத்தியம் பார்ப்பவர்கள் பலருக்கு இது தோன்றுவதில்லை என்பதுதான் என் புகார்.

என் கதையையே சொல்கிறேன். எனக்குக் கால்கள் இறுக்கம். கழுத்து அவ்வப்போது தானாக ஒரு பக்கம் திரும்பும். பேச்சில் கொஞ்சம் இழுப்பு உண்டு. கைகள் ஓரளவுக்கு நல்ல கைகள். எழுத்து கோணலாக இருந்தாலும் படிக்கும்படி இருக்கும். 1977-இல் மத்திய அரசு கீழ்நிலைப் பணிகளில் ஊனமுற்றோருக்கு 3 சதவீதம் ஒதுக்கியது. அந்தக் கதவு வழியாகத்தான் அடுத்த வருடம் உள்ளே போனேன். அந்தக் கைகளை வைத்துத்தான் அறுபது வயது வரை சம்பளம் வாங்கினேன். ஓய்வுக்குப் பிறகு மனைவியின் ஊரான ஏற்காட்டுக்கு வந்தோம்.

2018-இல் வலது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. டம்ளர் நழுவியது. நடையும் தளர்ந்தது. ஒரு மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் என் மனைவியைப் பார்த்து, "இவருக்கு என்ன செய்யுது?" என்றார். "அவரையே கேளுங்க டாக்டர், நல்லாவே பேசுவார்" என்றார் மனைவி. நான் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "உங்களுக்குத்தான் பிறவியிலேயே வாதம் இருக்குதே ஐயா, வயசும் ஆகுது" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். இன்னொரு இடத்திலும் அதே பதில், மாத்திரையின் நிறம்தான் வேறு. நான்கு மாதம் போயிற்று. மூன்றாவதாகப் பார்த்த டாக்டர் வயதில் சின்னவர். "கை எப்போலேர்ந்து சார் இப்படி? முன்னாடி பொத்தான் போடுவீங்களா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் என்னைக் காப்பாற்றியது. கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். கழுத்து எலும்புகளுக்கு நடுவில் தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குள் போனது போனதுதான், அது திரும்பி வரவில்லை. மேற்கொண்டு போகாமல் நின்றது. இந்தக் கட்டுரையை இடது கை ஆள்காட்டி விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கழுத்து தன்னிச்சையாகத் திரும்பிக்கொண்டே இருப்பவர்களுக்குக் கழுத்து வட்டுகள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் தேயும், தண்டுவடம் நசுங்கும் என்பது மருத்துவ உலகம் நன்றாக அறிந்த விஷயம். கை மரத்தல், நடை திடீரென்று மோசமாதல், சிறுநீர் அடக்க முடியாமை ஆகியவை அதன் அடையாளங்கள். நேரத்தோடு பார்த்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம். 'இது அந்தப் பழைய வாதம்தான்' என்ற ஒரு வாக்கியம் போதும், அந்த நேரம் போய்விடும்.

கழுத்து ஒன்று மட்டும் இல்லை. காயம் வளராவிட்டாலும், அந்தக் காயத்தைச் சுமந்த உடம்பு மற்றவர்களுக்கு முன்பே களைத்துப்போகிறது. இறுகிய காலோடு ஒருவர் நடக்கச் செலவிடும் சக்தி மற்றவர்களைவிடப் பல மடங்கு. நாற்பது வயதுக்குள்ளேயே, சிலர் அதற்கும் முன்பே, நடையை விட்டுச் சக்கர நாற்காலிக்கு வருவது இதனால்தான். சோம்பேறித்தனம் என்று வீட்டில் திட்டுவார்கள். மற்றவர்கள் ஒரு கிலோமீட்டர் நடக்கும் செலவில் இவர்கள் வாசல்வரை போய் வந்திருப்பார்கள்.

இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமலே வளர்ந்திருப்பதால் மூட்டுத் தேய்மானம் சீக்கிரம் வரும். முதுகெலும்பு கோணும். கோணல் அதிகமானால் நுரையீரலுக்கு இடம் குறையும். நின்று நடக்காத எலும்பு பலவீனப்படும். வலிப்புக்காக வருடக்கணக்கில் சாப்பிடும் சில மாத்திரைகளும் எலும்பைக் கரைக்கும். அதனால் சின்ன விழுகைக்கே எலும்பு முறியும். மலச்சிக்கல், பல் சொத்தை, சிறுநீர்த் தொந்தரவு எல்லாம் கூடவே வரும். பெண்கள் பாடு இன்னும் கஷ்டம். கழிவறைக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டுமே என்று தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். உயரமான பரிசோதனை மேஜையில் ஏறிப் படுக்க முடியாததால், கர்ப்பப்பைப் பரிசோதனை அவர்களில் பலருக்கு நடப்பதே இல்லை.

விழுங்குவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அயர்லாந்தில் டப்ளின் நகரத்தில் கிறிஸ்டி பிரவுன் என்று ஒருவர் இருந்தார். 1932-இல் பிறந்தவர். பெருமூளை வாதத்தால் உடம்பில் அவர் சொன்னபடி கேட்டது இடது கால் ஒன்றுதான். அந்தக் காலால் படம் வரைந்தார், எழுதினார். 'மை லெஃப்ட் ஃபுட்' என்ற அவர் சுயசரிதை 1954-இல் வந்தது. 1989-இல் அது சினிமாவாகி, அவராக நடித்தவருக்கு ஆஸ்கர் பரிசு கிடைத்தது. படத்தைப் பார்த்துக் கண் கலங்கியவர்கள் பலர். அவர் எப்படி இறந்தார் என்பது பலருக்குத் தெரியாது. 1981-இல், 49 வயதில், சாப்பிடும்போது உணவு தொண்டையில் அடைத்து இறந்தார். தொண்டைத் தசைகளும் தசைகள்தான், அவையும் வயதானால் தளரும். சாப்பிடும்போது இருமல், சாப்பிட்ட பிறகு குரல் கரகரப்பு, அடிக்கடி நெஞ்சுச் சளிக் காய்ச்சல் ஆகியவை இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். நிமிர்ந்து உட்கார வைத்து, சின்னச் சின்ன வாயாக, பேச்சுக் கொடுக்காமல் ஊட்டுங்கள்.

இதையெல்லாம் யார் பார்ப்பது? ஏற்பாடுகள் எல்லாம் பதினெட்டு வயதோடு நின்றுவிடுகின்றன. 2013-இல் மத்திய அரசு தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம் அருமையான திட்டம். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் டாக்டர்களே வந்து பார்க்கிறார்கள். மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. ஆனால் பிறப்பு முதல் 18 வயது வரைதான். பத்தொன்பதாவது பிறந்த நாளில் அந்தப் பிள்ளையின் ஃபைலை யாரிடம் ஒப்படைப்பது? ஒப்படைக்க மேஜையே இல்லை. குழந்தை டாக்டர், "இனி பெரியவங்க டாக்டரைப் பாருங்க" என்பார். பெரியவர்கள் டாக்டர், "இது குழந்தைங்க வியாதியாச்சே" என்பார்.

குழந்தைகளுக்கு ஏற்பாடு வந்ததே பெரிய போராட்டத்தால்தான். மகள் மாலினிக்காக மிது ஆலூர் 1972-இல் பம்பாயில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவைத் தொடங்கினார். சென்னையில் 1981-இல் தமிழ்நாடு ஸ்பாஸ்டிக்ஸ் சங்கம் வந்தது. 1985-இல் பூனம் நடராஜன் ஆரம்பித்த பள்ளிதான் இன்றைய வித்யாசாகர். அவரும் பெருமூளை வாதம் உள்ள ஒரு மகனின் தாய். அந்த மிது ஆலூரின் மகள் மாலினி சிப் பின்னர் இரண்டு முதுகலைப் பட்டங்கள் பெற்று, ஒரே ஒரு விரலால் தட்டச்சு செய்து தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். 2010-இல் வெளிவந்த அதற்குப் பெயரே 'ஒன் லிட்டில் ஃபிங்கர்'. நானும் ஒற்றை விரல் கட்சியில் சேர்ந்த பிறகு அந்தத் தலைப்பின் அருமை எனக்கு இன்னும் நன்றாகப் புரிகிறது.

ஒரு கணக்குப் போடுங்கள். 1985-இல் ஐந்து வயதில் அந்தப் பள்ளியில் சேர்ந்த குழந்தைக்கு இன்று வயது 45-ஐ ஒட்டி இருக்கும். என் தலைமுறையில் பலர் சிறு வயதிலேயே போய்விட்டார்கள், அதனால் எங்கள் முதுமை ஒரு பிரச்சினையாகத் தெரியவில்லை. நல்ல சிகிச்சை கிடைத்துப் பிழைத்த முதல் பெரிய கூட்டம் இப்போதுதான் நடுத்தர வயதைத் தாண்டுகிறது. இனி வருடா வருடம் கூடிக்கொண்டேதான் போகும்.

ஏற்காட்டில் இது இன்னும் ஒரு படி கஷ்டம். மலை அழகுதான், சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் குளிர் காற்றுதான். கோடை விழாவுக்கு வருகிறவர்களுக்கு அது சுகம். இறுகிய தசைக்குக் குளிர் ஆகாது. மார்கழி, தை மாதங்களில் காலையில் என் கால்களை மடக்கி நீட்ட அரை மணி நேரம் பிடிக்கும். மூடுபனியிலும் தூறலிலும் பாசி பிடித்த படிகள் ஊன்றுகோலுக்கு எதிரி. பெரிய டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றால் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் போக வேண்டும். கழுத்தைத் தானாக நிறுத்திக்கொள்ள முடியாத ஒருவர் பஸ்ஸில் அந்த வளைவுகளைக் கடப்பது என்ன பாடு என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நானாவது டவுனுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். பென்ஷன் வருகிறது. கார் வைத்துக்கொள்ளலாம். நாகலூர், வெள்ளக்கடை, செம்மநத்தம் என்று மலை முழுக்க விரிந்து கிடக்கும் கிராமங்களில் காப்பித் தோட்டக் கூலியை நம்பி இருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

அப்படி ஒரு கிராமத்தில் ஒரு தாயை எனக்குத் தெரியும். அவருக்கு எழுபதை நெருங்குகிறது, மகனுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. மகன் சின்னவனாக இருந்தபோது இடுப்பில் தூக்கிக்கொண்டு காப்பி பறிக்கப் போனவர். இப்போது அவருக்கே முழங்கால் வலி. "தூக்கிக் குளிக்க வைக்க முடியலீங்க சார். எனக்கு அப்புறம் இவன யாருங்க பாப்பாங்க?" என்று கேட்டார். அந்த மகனுக்கு இரண்டு வருடமாகச் சாப்பாடு சரியாக இறங்குவதில்லை. எலும்பும் தோலுமாக இருக்கிறார். ஏன் என்று யாரும் பார்க்கவில்லை. 'அவன் அப்படித்தான்' என்பதே ஊரில் அவருக்கு எழுதப்பட்ட மருத்துவக் குறிப்பு.

நான் எதிர்பார்க்கும் ஒரு மறுப்பு உண்டு. "இருக்கிற கொஞ்சம் பிசியோதெரபிஸ்ட்டுகளைக் குழந்தைகளுக்குப் பயன்படுத்தினால் பலன் அதிகம், வயதானவர்களுக்குச் செலவிட்டு என்ன ஆகப் போகிறது?" என்று என் நண்பர் ஒருவரே கேட்டார். குழந்தைக்குச் சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம் என்பது உண்மைதான், அதில் கை வைக்க நான் சொல்லவில்லை. ஆனால் குழந்தையாக இருந்தபோது பத்து வருடம் பாடுபட்டு நடக்க வைத்துவிட்டு, நாற்பது வயதில் ஒரு மூட்டுத் தேய்மானத்தைக் கவனிக்காமல் படுக்கையில் போட்டால், போட்ட முதல் எல்லாம் வீண்தானே? வீடு கட்டக் கடன் கொடுத்துவிட்டு ஓடு மாற்றக் காசில்லை என்று சொல்வதுபோல இருக்கிறது. நான் கேட்பது பெரிய ஆஸ்பத்திரியும் அல்ல. கவனித்துக் கேட்கப்படும் ஒரு கேள்வியைத்தான் கேட்கிறேன்: "இது எப்போதிலிருந்து?"

இங்கிலாந்தில் 2019 ஜனவரியில் பெருமூளை வாதம் உள்ள பெரியவர்களுக்கென்றே தனி மருத்துவ வழிகாட்டுதல் வெளியிட்டார்கள். தேவைகள் அதிகம் உள்ளவர்களை வருடம் ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நம்மிடமும் பாதி ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு பிசியோதெரபியும் வீடு தேடி வருகிறது. அந்தப் பட்டியலில் பெருமூளை வாதம் உள்ள பெரியவர்களைத் தனியாகக் குறித்துக்கொண்டு, வருடம் ஒருமுறை கழுத்து, இடுப்பு, விழுங்குதல், எடை, பல், சிறுநீர், மனச்சோர்வு இத்தனையையும் ஒரு தாளில் டிக் அடித்துப் பார்த்தால் போதும். சந்தேகம் இருப்பவர்களை மட்டும் சேலத்துக்கு அனுப்பலாம். அங்கே மாதத்தில் ஒரு நாள் எலும்பு டாக்டர், நரம்பு டாக்டர், பல் டாக்டர் எல்லோரும் ஒரே இடத்தில் பார்க்கும்படி வைத்தால், இருபது வளைவுகளை ஐந்து முறை இறங்க வேண்டியிருக்காது.

இது சலுகை கேட்பதும் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். குடும்ப வருமான வரம்புக்கு உட்பட்டு, குறிப்பாகக் கிராமப்புறங்களில், அருகிலேயே இலவச மருத்துவம் கிடைக்க வேண்டும், சிகிச்சையில் முன்னுரிமை தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்தப் பிரிவில் 18 வயதோடு முடிந்துவிடும் என்று எங்கும் எழுதவில்லை.

அரசு செய்யும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. என்னைப் போன்ற ஒருவர் வீட்டில் இருந்தால் இரண்டு காரியங்கள் செய்யுங்கள்.

முதலாவது, ஒரு நோட்டுப் புத்தகம். அரசு ஊழியருக்கு சர்வீஸ் ரிஜிஸ்டர் இருப்பதுபோல உடம்புக்கு ஒன்று. வருடம் ஒருமுறை, பிறந்த நாளன்று எழுதினாலும் போதும். எத்தனை அடி நடக்கிறார், பொத்தான் போடுகிறாரா, தானே சாப்பிடுகிறாரா, சாப்பிட எவ்வளவு நேரம், எடை எவ்வளவு, எங்கே வலி, எத்தனை முறை விழுந்தார், சிறுநீர் அடங்குகிறதா, தூக்கம் எப்படி. டாக்டர் "இது பழசுதான்" என்று சொன்னால், போன வருடப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். எழுத்தில் இருப்பதைத் தள்ளுவது கஷ்டம், இதை என் அனுபவத்தில் சொல்கிறேன். பேச்சு வராதவர்களுக்கு அந்த நோட்டுதான் வாய். அப்போதும் டாக்டர் அவரைப் பார்த்துக் கேட்கட்டும். பதில் மெதுவாக வரும், காத்திருக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, காகிதம். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் பெருமூளை வாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்காகவே வந்தது. தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவர்களுக்கு, 18 வயதுக்குப் பிறகு சட்டப்படி ஒரு பாதுகாவலரை நியமிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர்க் குழு உண்டு. பெற்றோர் இருக்கும்போதே அடுத்த ஆளை யோசித்து மனுப் போடலாம். அதே அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். வயது வரம்பு கிடையாது, சேருவதற்கு முன் மருத்துவப் பரிசோதனையும் கிடையாது. எனக்குத் தெரிந்து இந்த மலையில் இதைக் கேள்விப்பட்டவர்கள் மிகச் சிலர். அந்தத் தாய்க்கு மனு எழுதிக் கொடுத்தது நான்தான். மகன் விழுங்குவதைப் பரிசோதிக்கும் தேதிக்கும், பாதுகாவலர் விசாரணைக்கும் காத்துக்கொண்டிருக்கிறோம். வந்ததும் இங்கே எழுதுகிறேன்.

ஏற்காடு பக்கத்தில் யாருக்காவது இப்படி மனு எழுத வேண்டியிருந்தால் தயங்காமல் வாருங்கள். காப்பி உண்டு. ஒற்றை விரல் என்பதால் கொஞ்சம் நேரமாகும், ஆனால் ஷரத்தும் பிரிவும் தப்பாது. வரும்போது நோட்டுப் புத்தகத்தையும் கொண்டுவாருங்கள். முதல் பக்கத்தைச் சேர்ந்தே எழுதுவோம்.